ஹக்கீம் ஸியேஷ்: அயல்நாட்டு மைதானங்களில் ஒரு மொராக்கோக் கால்பந்து விங்கர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெயரை எப்படிச் சொல்வது? ஸியெச்சா, ஸியெக்கா?

ஸியேஷ். மொராக்கோக்காரர்கள் தங்கள் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது பிரெஞ்சு முறையைப் பின்பற்றுவார்கள். அதில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு "ஷ்" ஒலி. ஆங்கில வர்ணனையாளர்கள் பல வருடம் வேறு மாதிரி சொல்லிவந்ததால்தான் தமிழிலும் குழப்பம்.

அவர் மொராக்கோவில் பிறந்தவரா?

இல்லை. 1993 மார்ச் 19 அன்று நெதர்லாந்தின் ட்ரொன்டன் ஊரில் பிறந்தார். கடலிலிருந்து மீட்ட நிலத்தில் எழுந்த ஃபிளேவோலாந்து மாகாணத்தின் சிறிய ஊர் அது. மொராக்கோவிலிருந்து குடிபெயர்ந்த பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. 10 வயதில் தந்தையை இழந்தார். அதற்குப் பிறகு தடுமாறிய பையனைக் கால்பந்தின் பக்கம் பிடித்து நிறுத்தியவர் அஸீஸ் தூஃபிக்கார், நெதர்லாந்தில் தொழில்முறையாக ஆடிய முதல் மொராக்கோ வீரர். ஊர் கிளப்புகளில் ஆடிய ஸியேஷ் 2007-இல் ஹேரன்ஃபேன் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்து, 2012 ஆகஸ்டில் அதன் முதல் அணிக்கு ஆடினார்.

நெதர்லாந்தில் பிறந்து, அந்நாட்டு இளையோர் அணிகளிலும் ஆடியவர் எப்படி மொராக்கோவுக்கு ஆட முடிந்தது?

அன்றைய ஃபிஃபா விதி இதுதான்: சீனியர் தேசிய அணிக்காக ஒரே ஒரு போட்டி ஆட்டம் (நட்பு ஆட்டம் அல்ல) ஆடிவிட்டால் வீரர் அந்த நாட்டோடு கட்டுண்டுவிடுவார். இளையோர் அணியில் மட்டும் ஆடியிருந்தால், அந்த நேரத்திலேயே மற்ற நாட்டின் குடியுரிமையும் அவரிடம் இருந்திருந்தால், வாழ்நாளில் ஒருமுறை மாறலாம்.

இதில் ஸியேஷ் எவ்வளவு நூலிழையில் தப்பினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2015 மே மாதம் நெதர்லாந்து சீனியர் அணி அவரை அழைத்தது. இரண்டு ஆட்டங்கள்: ஜூன் 5 அன்று அமெரிக்காவுடன் நட்பு ஆட்டம், ஜூன் 12 அன்று ரீகாவில் லாட்வியாவுடன் யூரோ கோப்பைத் தகுதிச்சுற்று. காயம் காரணமாக விலகினார். அமெரிக்காவுடன் ஆடியிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. லாட்வியா ஆட்டத்தில் கடைசி ஒரு நிமிடம் இறங்கியிருந்தால்கூட மொராக்கோவின் கதவு அன்றே மூடியிருக்கும். செப்டம்பரில் மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தார், அக்டோபர் 9 அன்று ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக முதல் ஆட்டம். ஹேரன்ஃபேனில் அவருக்கு வாய்ப்பளித்த பயிற்சியாளர் மார்கோ ஃபான் பாஸ்டன் பிற்பாடு இந்த முடிவை வெளிப்படையாகவே குறை சொன்னார். ஏழு வருடம் கழித்து உலகக் கோப்பை அரையிறுதியில் நின்றது மொராக்கோதான்.

நடைமுறையில் வேலை இப்படி நடக்கும்: புதிய நாட்டின் கால்பந்து சங்கம் வழியாக வீரர் எழுத்துப்பூர்வ விண்ணப்பம் தருவார், பாஸ்போர்ட், பழைய அணிக்கு எந்தெந்த ஆட்டங்கள் ஆடினார் என்ற விவரம், குடியுரிமை எப்போதிலிருந்து என்பதற்கான சான்று எல்லாம் இணைக்க வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை எந்தத் தேசிய அணிக்கும் ஆட முடியாது.

அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறதா?

2020 செப்டம்பரில் தளர்ந்தது. 21 வயதுக்கு முன் அதிகபட்சம் மூன்று சீனியர் போட்டி ஆட்டங்கள் மட்டும் ஆடியிருந்து, உலகக் கோப்பை போன்ற இறுதித் தொடர்களில் ஆடாமல், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் கடந்திருந்தால் இப்போது மாறலாம். இதற்குக் காரணமாக எப்போதும் சொல்லப்படும் பெயர் முனீர் எல் ஹத்தாதி. ஸ்பெயினில் பிறந்த மொராக்கோ வம்சாவளி. 2014-இல் மாசிடோனியாவுக்கு எதிரான தகுதிச்சுற்றில் ஸ்பெயினுக்காகச் சில நிமிடங்களே ஆடினார். அதனால் 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ அணியில் சேர முடியவில்லை. விளையாட்டு நடுவர் மன்றமும் மறுத்துவிட்டது. புதிய விதி வந்தபின் 2021 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது.

2022 உலகக் கோப்பை மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இந்த விதிகளைப் புரிந்துகொள்ளாமல் அந்த அணியைப் புரிந்துகொள்ள முடியாது.

அவர் உண்மையில் விங்கரா, நடுக்கள வீரரா?

தொடக்கத்தில் பத்தாம் எண் இடத்தில், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று ஆடியவர். 2014-இல் ட்வென்டே கிளப்புக்குப் போனபோதும் அப்படித்தான். அங்கே 2015-16 பருவத்தில் லீகில் மட்டும் 17 கோல். கேப்டனாக இருந்தவர், கிளப்பை விட்டுப் போக விரும்புவதாகப் பேட்டியில் சொன்னதால் பருவத்தின் நடுவில் பட்டையை இழந்தார். 2016 ஆகஸ்ட் 30 அன்று சுமார் 1.1 கோடி யூரோவுக்கு ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் வாங்கியது. அங்கே பயிற்சியாளர் பீட்டர் போஸ் அவரை மூவர் நடுக்களத்தில் வைத்தார். அடுத்து எரிக் டென் ஹாக் பயிற்சியாளராக வந்தபின்தான் வலது விங் (கோட்டோரத் தாக்குதல் இடம்) நிலையான இடமானது.

அதனால் அவரை ஓட்டத்தால் எதிரியை வெல்லும் விங்கராகப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வலது கோட்டோரம் நிறுத்தப்பட்ட ஒரு பத்தாம் எண் ஆட்டக்காரர் என்று பாருங்கள்.

இடது கால்காரரை ஏன் வலப்பக்கம் நிறுத்துகிறார்கள்?

வலது கால்காரர் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல்முன் அனுப்பும் பந்து) கோலைவிட்டு வெளியே வளையும். அதை யாராவது தொட்டால்தான் கோல். இடது கால்காரர் அதே இடத்திலிருந்து அடித்தால் பந்து கோலை நோக்கி உள்ளே வளையும். யாரும் தொடாவிட்டாலும் தூரக் கம்பத்தின் உட்புறம் போய் விழலாம். கோல்கீப்பர் முன்னால் வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று அரை நொடி தவிப்பார். அந்த அரை நொடிதான் ஸியேஷின் பிழைப்பு.

அவர் அதைச் செய்யும் விதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. கோட்டோரமாக, உடம்பை மைதானத்தின் உட்பக்கம் திறந்துவைத்துப் பந்தை வாங்குவார். வலது ஃபுல்-பேக் (ஓரத் தடுப்பாளர்) வெளிப்புறமாக அவரைத் தாண்டி ஓடுவார் (மொராக்கோவில் அஷ்ரஃப் ஹக்கீமி, அயாக்ஸில் நுஸைர் மஸ்ராவி). எதிரணியின் இரண்டாவது ஆள் அந்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்ததும் ஸியேஷ் இடது காலால் பந்தை உள்ளே ஒரு தட்டு தட்டுவார். பெனால்டி பெட்டியின் வலது மூலைக்குச் சற்று வெளியே, தலை நிமிர்த்தி ஒரு பார்வை. பிறகு கடைசித் தடுப்பாளருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவிலுள்ள காலி இடத்துக்கு, தூரக் கம்பத்தைக் குறிவைத்து, தாழ்வான வளைவோடு பந்து போகும். அதே நேரத்தில் எதிர்ப்பக்க விங்கரோ ஸ்ட்ரைக்கரோ தடுப்பாளரின் முதுகுப்பக்கமாக அங்கே பாய்ந்திருக்க வேண்டும்.

கெடுவதும் இங்கேதான். தூரக் கம்பத்துக்கு ஓட ஆள் இல்லையென்றால் அந்தப் பந்து கோல்கீப்பரின் கைக்கு நேராகப் போய்ச் சேரும். வலது ஃபுல்-பேக் முன்னேறியிருப்பதால் பின்னால் பெரிய வெற்றிடம். எதிரணி ஐந்தாறு நொடியில் அந்த வழியாக வந்துவிடும். விவரமான தடுப்பாளர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: இடது காலுக்கு இடமே தராமல் உட்பாதையை மறித்து நின்று, அவரை வலது கால் பக்கம் தள்ளுவார்கள். வலது காலால் அவர் அடிக்கும் கிராஸ் பாதி ஆபத்துகூட இல்லை.

நிறையப் பந்தை இழக்கிறாரே, அது பலவீனம்தானே?

எங்கே இழக்கிறார் என்று பார்க்க வேண்டும். எதிரணியின் பெட்டியருகே, கோலுக்கு வழிதிறக்கும் பாஸில் பந்து போனால் அது தெரிந்தே எடுக்கும் ஆபத்து. பத்தில் இரண்டு சரியாகப் போனாலும் லாபம். தன் பாதியில் அலட்சியமாக இழந்தால் அது நஷ்டம். அவரிடம் முதல் வகையே மிகுதி. ஆனால் இந்த ஆபத்தைத் தாங்க ஓர் அணி கட்டப்பட்டிருக்க வேண்டும்: பந்து போனதும் உடனே சூழ்ந்து பிடுங்கும் நடுக்களமும், வேகமான தடுப்பாளர்களும். அயாக்ஸில் அது இருந்தது. எல்லா இடத்திலும் இருக்கவில்லை.

அயாக்ஸ் காலம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

2017-இல் ஐரோப்பா லீக் இறுதி (ஸ்டாக்ஹோமில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0–2 தோல்வி), 2018-19-இல் லீக், நெதர்லாந்துக் கோப்பை இரண்டும், கூடவே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 1–2 என்று தோற்றபோது அயாக்ஸின் ஒரே கோல் அவருடையது. 2019 மார்ச் 5 அன்று மாட்ரிட் மைதானத்திலேயே 4–1 என்று வென்றபோது ஏழாவது நிமிடத்தில் கணக்கைத் தொடங்கியவரும் அவரே.

டாட்டன்ஹாமுக்கு எதிரான அரையிறுதி இன்றும் வலிக்கும். லண்டனில் 1–0 வெற்றி. ஆம்ஸ்டர்டாமில் 35-ஆவது நிமிடத்தில் ஸியேஷ் அடித்த கோலோடு மொத்தம் 3–0. அதன்பின் லூக்காஸ் மோரா மூன்று கோல், மூன்றாவது 90 நிமிடம் முடிந்தபின் நடுவர் சேர்த்த நேரத்தின் ஆறாவது நிமிடத்தில். அதற்குச் சற்று முன் 2–2 என்று இருந்தபோது ஸியேஷ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தக் கம்பம் இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் இறுதியாட்டம். மொத்தம் 3–3 சமநிலையில், எதிர் மைதான கோல் விதியால் (சமநிலையில் எதிர் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி) அயாக்ஸ் வெளியேறியது.

அவரை வாங்க லண்டனின் செல்சி கிளப் கொடுத்த பணம் முழுவதும் அயாக்ஸுக்கே போனதா?

இல்லை. 2020 பிப்ரவரியில் முடிவான அந்த ஒப்பந்தத்தின் அடிப்படைத் தொகை 4 கோடி யூரோ. ஃபிஃபாவின் ஒருமைப்பாட்டுப் பங்கு விதிப்படி, நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்பர் தொகையில் 5 சதவீதம், வீரரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15-ஆவது பிறந்தநாள் வரும் நான்கு பருவங்களுக்குத் தலா 0.25 சதவீதம், 16 முதல் 23 வரையான எட்டுப் பருவங்களுக்குத் தலா 0.5 சதவீதம்.

ஸியேஷுக்குப் பருவவாரியாகக் கணக்குப் போட்டால்:

2004-05 முதல் மூன்று பருவங்கள் ட்ரொன்டன் ஊர் கிளப் கால்பந்து: 0.75 சதவீதம், அதாவது 3 லட்சம் யூரோ.
2007-08 முதல் ஏழு பருவங்கள் ஹேரன்ஃபேன்: 0.25 + (6 × 0.5) = 3.25 சதவீதம், 13 லட்சம் யூரோ.
2014-15, 2015-16 ட்வென்டே: 1 சதவீதம், 4 லட்சம் யூரோ.

கூட்டினால் சரியாக 5 சதவீதம், 20 லட்சம் யூரோ. இது விதியின்படியான கணக்கு. பதிவுத் தேதிகள் சில வாரம் முன்பின் இருந்தால் தொகை அதற்கேற்ப மாறும். 23 வயதுக்குப் பின் அயாக்ஸுக்கு வந்ததால் வளர்ப்புப் பங்கில் அதற்கு இடமில்லை.

ஊர் கிளப்புகள் இதில் ஏமாறுவது எங்கே என்றால், சிறுவனைப் பதிவுசெய்த தேதியைச் சங்கத்தில் ஒழுங்காகப் பதியாமல் விட்டுவிடுவதில்தான். பதிவு இல்லையென்றால் பங்கும் இல்லை. இளையோர் அணி நடத்துகிற எவருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

செல்சியில் ஏன் நிலைக்கவில்லை?

ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று இருக்கின்றன.

முதலாவது காயம். 2020 ஆகஸ்டில் பிரைட்டனுடன் நடந்த பருவத்துக்கு முந்தைய நட்பு ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அக்டோபர் நடுவில்தான் முதல் ஆட்டம். அடுத்த வருடம் 2021 ஆகஸ்ட் 11 அன்று ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் வில்லாரியலுக்கு எதிராக முதல் கோல் அடித்து, அதே முதல் பாதியில் தோள்பட்டையைக் காயப்படுத்திக்கொண்டார். இரண்டு பருவத்தின் தொடக்கமும் இப்படி வீண்.

இரண்டாவது பயிற்சியாளர் மாற்றம். அவர் இருந்த காலத்தில் ஃபிராங்க் லாம்பார்டு, தோமஸ் டூக்கல், கிரஹாம் பாட்டர், மறுபடியும் தற்காலிகமாக லாம்பார்டு.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: அமைப்பு. டூக்கலின் 3-4-2-1 அமைப்பில் (பின்னால் மூன்று தடுப்பாளர், முன்னால் ஒரே ஸ்ட்ரைக்கர்) வலது கோட்டோரம் விங்-பேக்குக்கு, அதாவது முன்னேறி ஆடும் ஓரத் தடுப்பாளருக்குச் சொந்தம். ஸியேஷ் நிற்க வேண்டியது உள்ளே, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இருந்த இரண்டு இடங்களில் ஒன்றில். நெரிசலில், முதுகைக் கோலுக்குக் காட்டிப் பந்து வாங்க வேண்டிய இடம் அது. மேசன் மவுண்ட், காய் ஹாவர்ட்ஸ், டிமோ வெர்னர், கிறிஸ்டியன் புலிசிக் என்று போட்டியும் கடுமை. கோட்டோரத்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்து அடிக்கும் ஆளுக்குத் தலை நிமிர்த்தவே நேரமில்லை.

ஆனாலும் முக்கியமான கோல்கள் உண்டு: 2021 மார்ச்சில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக, ஏப்ரல் 17 அன்று எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வீழ்த்தியது, 2022 ஜனவரியில் டாட்டன்ஹாம் மேல் வளைத்தடித்த அந்த அழகான கோல். மொத்தம் 107 ஆட்டங்கள், 14 கோல். சாம்பியன்ஸ் லீக் பதக்கம் கையில் இருக்கிறது. போர்ட்டோ இறுதியாட்டத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

2023 ஜனவரியில் பி.எஸ்.ஜி. (பாரிஸ் சான்-ஜெர்மன்) கிளப்புக்கு லோன், அதாவது தற்காலிக மாற்றம், ஏன் உடைந்தது?

காகிதம். வேறொன்றுமில்லை. எல்லைதாண்டிய லோனுக்கு வரிசையாக நடக்க வேண்டியவை: இரண்டு கிளப்புகளின் ஒப்பந்தம், வீரரின் சம்மதம், மருத்துவப் பரிசோதனை, ஃபிஃபாவின் டி.எம்.எஸ். கணினி அமைப்பில் இரு கிளப்பும் ஏற்றும் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது, பழைய நாட்டுச் சங்கத்தின் சர்வதேச டிரான்ஸ்பர் சான்றிதழ், இறுதியாகப் புதிய லீகின் பதிவு. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், தவறான பிரதி ஏறினாலும் சங்கிலி அறுந்துவிடும். ஜனவரி 31 இரவு சரியான ஆவணங்கள் கெடுவுக்குள் பிரெஞ்சு லீகுக்குச் சென்று சேரவில்லை. பி.எஸ்.ஜி. முறையிட்டது, லீக் ஏற்கவில்லை. பாரிஸ் வரை போய்க் காத்திருந்தவர் லண்டன் திரும்பி, மிச்சப் பருவத்தை அங்கேயே கழித்தார்.

அதே வருடக் கோடையில் சவுதியின் அல் நஸ்ர் கிளப்புக்குப் போகவிருந்ததும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு நின்றுபோனது. முழங்கால் பற்றிய சந்தேகமே காரணம் என்று செய்திகள் வந்தன. கடைசி நாளுக்குக் காத்திராமல் ஒரு வாரம் முன்பே காகிதத்தை முடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஜனவரிச் சம்பவத்தைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

தேசிய அணியிலிருந்து ஏன் விலகினார், எப்படித் திரும்பினார்?

பயிற்சியாளர் வஹீத் ஹலில்ஹோட்ஜிச் 2021 செப்டம்பரில் அவரை நீக்கினார். ஒழுங்கு சரியில்லை, காயமென்று சொல்லி ஆட மறுத்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. ஸியேஷ் அதை மறுத்தார். 2022 தொடக்கத்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கும் அழைப்பில்லை. பிப்ரவரியில் ஸியேஷ் சர்வதேச ஓய்வை அறிவித்தார், வயது 28. ஆகஸ்டில் ஹலில்ஹோட்ஜிச் நீக்கப்பட்டார். புதிதாக வந்த வலீத் ரெக்ராகி முதல் அணித் தேர்விலேயே அவரைத் திரும்பக் கூப்பிட்டார். உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

முன்பும் ஒரு மனக்காயம் இருந்தது. 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் பெனினுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியைக் கம்பத்தில் அடித்தார். அணி பெனால்டி சுற்றில் வெளியேறியது. நாடே அவரைக் குறை சொன்னது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு 2022-இல் ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி சுற்றைப் பாருங்கள். இரண்டாவது ஆளாக வந்து நடுவே ஓங்கி அடித்து உள்ளே போட்டார்.

2022 உலகக் கோப்பையில் அவர் வேலை என்ன?

ஏழு ஆட்டங்களிலும் தொடக்க அணியில். பெல்ஜியத்துக்கு எதிராக முதல் பாதி முடியும்போது ஃப்ரீ கிக்கில் அடித்த கோல், சக வீரர் ஸாயிஸ் ஆஃப்சைடில் நின்றதால் ரத்து. கடைசியில் ஸக்காரியா அபுக்லாலுக்குப் பாஸ் கொடுத்து 2–0 ஆக்கினார். கனடாவுக்கு எதிராக நாலாவது நிமிடத்தில், கோல்கீப்பர் தவறவிட்ட பந்தை வெகு தூரத்திலிருந்தே தூக்கி அடித்து கோல்.

ஆனால் உண்மையான மாற்றம் தற்காப்பில்தான். ரெக்ராகியின் அணி பின்வாங்கி நெருக்கமாக நிற்கும். ஸியேஷ் தன் பெட்டி வரை ஓடிவந்து ஹக்கீமிக்குத் துணையாக இரட்டைக் காவல் செய்தார். அரையிறுதிக்கு முன் அணி வாங்கிய ஒரே கோல், தன் வீரரே போட்டுக்கொண்ட கோல். அரையிறுதிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அணி, முதல் அரபு அணி.

தேசிய அணிக்குப் போகும் வீரருக்காகக் கிளப்புக்குப் பணம் உண்டா?

உலகக் கோப்பைக்கு உண்டு. 2022-இல் ஃபிஃபா ஒரு வீரருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,950 டாலர் தந்தது. ஆடினாலும் பெஞ்சில் இருந்தாலும் ஒரே தொகை. மொராக்கோ கடைசி வாரம் வரை கத்தாரில் இருந்ததால் அந்த வீரர்களின் கிளப்புகளுக்கு நல்ல வரவு. ஜனவரியில் வரும் ஆப்பிரிக்கக் கோப்பைதான் சிக்கல்: பருவத்தின் நடுவில் ஒரு மாதம் போய்விடும், திரும்பும்போது இடத்தில் வேறொருவர் இருப்பார். 2024 ஜனவரியில் ஸாம்பியாவுக்கு எதிராக ஸியேஷ் வெற்றி கோல் அடித்தார், அதே ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டார், அடுத்த ஆட்டத்தில் அவரில்லாத அணி தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது.

செல்சிக்குப் பின்?

2023 ஆகஸ்டில் கலாடசராய்க்கு லோன், பிறகு நிரந்தரம். 2023-24-இல் 102 புள்ளிகளோடு துருக்கி லீக் பட்டம். 2025 ஜனவரி இறுதியில் கத்தாரின் அல் துஹைல். அதே வருடம் அக்டோபரில் காஸாபிளாங்காவின் விதாத். 32 வயதில் முதன்முறையாகத் தாய்நாட்டு லீகில் ஒரு கிளப் சட்டை.

அவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எதைப் பார்க்கலாம்?

2019 நவம்பர் 5, செல்சி–அயாக்ஸ் 4–4. பக்கவாட்டு ஃப்ரீ கிக் ஒன்று கம்பத்தில் பட்டு, கோல்கீப்பர் கெப்பாவின் முகத்தில் மோதி உள்ளே போகும். கணக்கில் அது கெப்பாவின் சொந்த கோல். மேலே சொன்ன உள்வளைவு என்னவென்று அதில் தெளிவாகத் தெரியும்.

2023 நவம்பர் 29, கலாடசராய்–மான்செஸ்டர் யுனைடெட் 3–3. இரண்டு ஃப்ரீ கிக், இரண்டும் கோல். எதிரே நின்ற கோல்கீப்பர் ஆந்த்ரே ஒனானா அயாக்ஸில் அவரோடு ஆடியவர். பந்து பெட்டிக்குள் வரும்போது கோல்கீப்பரின் கால்களைக் கவனியுங்கள்: யாராவது தொடுவார்களோ என்று காத்து, ஓர் அடி தாமதமாக நகர்வார்.